ஜப்பான் மொழிப்பள்ளிக்குப் புறப்படும் மலைப்பிள்ளைகளுக்கு

கோத்தகிரியில் மாலை வேளைகளில் என்னிடம் ஜப்பானிய மொழி படிக்க வரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்பது, ஜப்பானுக்கே போய் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்துவிட்டால் மொழி தானாக வந்துவிடாதா என்பதுதான். ஷிசுவோகா மாநிலத்தில் ஒரு மொழிப்பள்ளியில் ஒன்றரை ஆண்டு படித்துத் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன், தானாக வராது. பள்ளி வகுப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். மீதி நேரத்தை அறைத்தோழர்களோடும் கைப்பேசியோடும் கழித்துவிட்டு, இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப ஆள் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பள்ளியில் ஓராண்டுக்குள் அக்கம்பக்கத்தாரோடு மனம்விட்டுப் பேசத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். புறப்படுவதற்கு முன் யார் எவ்வளவு ஆயத்தம் செய்திருந்தார் என்பதும், ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொள்ள முயன்றாரா, தம் தாய்மொழியின் வழியாகப் புரிந்துகொண்டாரா என்பதும்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நோக்கத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அங்கே வேலைக்குப் போவது ஒன்றே இலக்கென்றால் மொழிப்பள்ளி கட்டாய வழியன்று. 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்குப் பொதுவாகத் துறைசார்ந்த ஒரு தேர்விலும் அடிப்படை மொழித் தேர்வு ஒன்றிலும் தேறினால் போதும், அந்த ஆயத்தத்தை இங்கிருந்தே குறைந்த செலவில் செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கே பல்கலைக்கழகத்திலோ தொழிற்கல்லூரியிலோ சேர நினைப்பவர்களுக்கும், பட்டம் பெற்றுவிட்டு ஜப்பானிய மொழியிலேயே நடக்கும் அலுவலகப் பணிக்குத் தகுதி பெற நினைப்பவர்களுக்கும், மொழியின் மேலேயே பற்றுள்ளவர்களுக்கும் மொழிப்பள்ளி பொருத்தமானது. மூன்று மாதத்துக்கு மேற்படாத குறுகிய வகுப்புகளும் உண்டு; முழுப் படிப்புக்குப் பணம் கட்டத் தயங்குபவர்கள் அதில் சேர்ந்து ஊரையும் மொழியையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நீண்ட காலப் படிப்புக்கு ஆண்டில் நான்கு முறை சேர்க்கை நடக்கிறது. ஏப்ரலில் சேர்ந்தால் இரண்டு ஆண்டு, ஜூலையில் ஒன்றேமுக்கால் ஆண்டு, அக்டோபரில் ஒன்றரை ஆண்டு, ஜனவரியில் ஒன்றேகால் ஆண்டு வரை படிக்கலாம். பெரும்பாலும் எல்லாப் படிப்புகளும் மார்ச் மாதத்தில் முடியுமாறு அமைந்திருக்கும். ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதை நம் பிள்ளைகள் பலர் தெரிந்துகொள்வதில்லை. அதற்குள் ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 என்னும் தொடக்க நிலையிலாவது தேறியிருப்பது, அல்லது 150 மணி நேரம் மொழி படித்ததற்கான சான்று வைத்திருப்பது, பெரும்பாலான பள்ளிகள் எதிர்பார்க்கும் தகுதி. அந்தத் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. ஆகவே ஏப்ரலில் சேர விரும்புபவர் முந்தைய ஜூலைத் தேர்வையும், அக்டோபரில் சேர விரும்புபவர் முந்தைய டிசம்பர் தேர்வையும் எழுதியிருந்தால்தான் முடிவு வந்து விண்ணப்பத்தில் சேர்க்க நேரம் இருக்கும்.

தமிழ்நாட்டில் சென்னையில் தேர்வு மையம் இருக்கிறது. ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் அதை நடத்துகிறது, மொழி வகுப்புகளும் அங்கே உண்டு. டிசம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், குன்னூர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும் ஆபத்தை மனத்தில் வைத்து, சனிக்கிழமை இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து ஞாயிறு காலையில் இறங்கி நேரே தேர்வுக்குப் போகலாம் என்று திட்டமிடாமல் ஒரு நாள் முன்னதாகவே கீழே இறங்கிவிடுங்கள். என் மாணவி ஒருத்தி ஆறு மாத உழைப்பை ஒரு மரம் சாய்ந்த பாதையில் இழந்தாள்.

விண்ணப்பத்தை நாம் நேரடியாக ஜப்பானியக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவதில்லை. ஜப்பானில் தங்கிப் படிக்கத் தகுதி உண்டு என்று அந்தத் துறை தரும் தகுதிச் சான்றிதழுக்கு நமக்காகப் பள்ளிதான் விண்ணப்பிக்கிறது. சீஓஈ என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் அந்தச் சான்றிதழ் ஏப்ரல் சேர்க்கைக்குப் பிப்ரவரி இறுதியை ஒட்டி வரும். இப்போது மின்னஞ்சலிலும் அனுப்புகிறார்கள். பொதுவாக மூன்று மாதம் வரைதான் அது செல்லும். அது கைக்கு வந்த பின்பே சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் வழியாக விசா பெற வேண்டும். கடவுச்சீட்டை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடாமல் கோவையில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். முன்னெழுத்தை விரித்து எழுதுவதில் நம் ஊரில் வரும் குழப்பம் அங்கே பெரிய கேள்வியாக எழும்.

சிறு தேயிலை விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அதிகம் தடையாக நிற்பது, பெற்றோரின் வருமானத்தைக் காட்டும் ஆவணங்கள்தான். படிப்புச் செலவை ஏற்பவருக்கு நிலையான வருமானம் இருப்பதையும், சேமிப்பு எப்படி உருவானது என்பதையும் குடிவரவுத் துறை பார்க்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது எளிது. பச்சைத் தேயிலை விற்று வாழும் வீட்டில் வருமானம் மாதந்தோறும் ஏறி இறங்கும், வருமான வரிக் கணக்கும் பெரும்பாலும் இருக்காது. அத்தகைய குடும்பங்கள் இலைக்கான பணத்தைத் தொழிற்சாலையிலிருந்து வங்கிக் கணக்கின் வழியாகவே வாங்கும் பழக்கத்தை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, கணக்குப் புத்தகத்தையும், தொழிற்சாலை தரும் கொள்முதல் சீட்டுகளையும், பட்டா சிட்டாவையும், வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றையும் சேர்த்து வைத்தால், ஒன்றையொன்று தாங்கும் ஆவணக்கட்டு உருவாகிவிடும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் உறவினரிடம் கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகையைப் போட்டுக் காட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஒரு வரவே முழு விண்ணப்பத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

செலவைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 7 முதல் 9 இலட்சம் யென் வரை ஆகும். பகுதிநேர வேலை பார்த்தே அதைக் கட்டிவிடலாம் என்று சொல்லும் முகவர்களை நம்பாதீர்கள். மாணவர் விசாவில் வருபவர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்; பள்ளியின் நீண்ட விடுமுறைகளில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை பார்க்கலாம். 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,163 யென்னாக இருந்தது. மற்ற மாநிலங்களில் அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கில் 28 மணி நேரத்தையும் முழுமையாக வேலை செய்தாலும், ஊரைப் பொறுத்து மாதம் ஏறத்தாழ 1,15,000 முதல் 1,40,000 யென் வரைதான் வரும். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காப்பீட்டுக்கும் சரியாகப் போய்விடும். என் வகுப்பில் இருந்த ஒரு பையனிடம் அவனுடைய ஊர் முகவர் வேறு கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாம் தவணைக் கட்டணத்துக்காக அவன் இரவு முழுவதும் உணவுத் தொழிற்சாலையில் நின்றான்; காலை வகுப்பில் தலை மேசையில் சாய்ந்துவிடும்; வருகைப்பதிவு குறைந்தது; விசாவை நீட்டிக்க முடியாமல் படிப்பின் பாதியில் ஊர் திரும்பினான். கெட்டிக்காரப் பையன். அவனை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் ஆண்டுக் கட்டணமும் ஆறு மாத வாழ்க்கைச் செலவும் கையில் இல்லாமல் யாரையும் அனுப்ப நான் சம்மதிப்பதில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். சீஓஈ வரும்வரை காத்திருக்கும் நான்கைந்து மாதங்கள்தான் படிப்பின் மிக மதிப்புள்ள பகுதி, ஏனெனில் அங்கே வகுப்பு தொடக்கத்திலிருந்தே ஜப்பானியத்தில்தான் நடக்கும். சீனா, வியட்நாம், நேபாளம், மியான்மர், இலங்கை என்று பல நாட்டவர் ஒரே அறையில் இருப்பதால் ஆசிரியர் வேறு எந்த மொழியிலும் விளக்க மாட்டார்; படஅட்டையைக் காட்டுவார், சைகை செய்வார், எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைப்பார். எழுத்தே தெரியாமல் போய் உட்கார்ந்தால் முதல் மூன்று மாதம் வீணாகும். ஹிரகனா 46 எழுத்து, கத்தகனா 46 எழுத்து. இரண்டையும் ஒரு மாதத்தில் கையெழுத்தாகவே எழுதப் பழகிவிடலாம். தமிழ் அகரவரிசை தெரிந்தவருக்கு அந்த வரிசை அந்நியமாகவும் தோன்றாது, இந்திய எழுத்து வரிசையைப் பின்பற்றி அமைந்த அந்த அட்டவணையில் க, ச, த, ந என்று தொடங்கி ம, ய, ர, வ என்று முடிவதை முதல் நாளே கண்டுகொள்ளலாம்.

உயிர் ஒலிகளும் நம்மைப் போலவே அ, இ, உ, எ, ஒ ஆகிய ஐந்தும் அவற்றின் நெடிலும்தான். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதை ஆங்கிலம் பேசுபவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும்; நமக்குப் படி, பாடி என்று காதிலேயே இருக்கிறது. ஒபசன் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி. கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால்தலை. படு, பட்டு என்று வேறுபடுத்தும் நாவுக்கு இதில் சிரமமே இல்லை. சிரமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழில் க, த, ப ஆகியவை சொல்லின் நடுவில் தனியே வந்தால் தாமாகவே மென்மையாக ஒலிக்கும். ஜப்பானியத்தில் அப்படி விட்டால் பொருள் மாறிவிடும். குன்னூர்ப் பக்கம் விளையும் பெர்சிமன் பழத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் சாவிக்குச் சொல்லும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ககி என்றே வரும். பழத்தில் இரண்டாம் எழுத்து 'அக்கா'வில் வரும் ஒலியை ஒற்று இல்லாமல் சொல்வது போல வல்லொலி, சாவியில் 'தங்கம்' என்னும்போது வரும் மெல்லிய ஒலி. இங்கே வேறு வழியில்லாமல் நான் தமிழில் எழுதிக்காட்டும் சொற்களுக்கும் இந்தக் குறை உண்டு. ஆகவே குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கத்தை இரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். பொருளைத் தமிழில் எழுதுங்கள், சொல்லை ஹிரகனாவில் எழுதுங்கள், இடையில் ஆங்கிலம் வேண்டாம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நானும் ஆங்கில விளக்கம் உள்ள இலக்கணப் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன். 'தெ' வடிவம் என்று ஒன்றை நாற்பது பக்கங்களில் அட்டவணை போட்டு விளக்கியிருந்தார்கள். மனப்பாடம் செய்தும் வாயில் வரவில்லை. அங்கே போன முதல் வசந்தத்தில், மே மாதத் தொடக்கத்தில், நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்துத் தேயிலைக் கடையில் இருந்த மூதாட்டி ஒருவர், அந்த ஆண்டின் முதல் கொழுந்தில் செய்த தேநீரைச் சிறிய கிண்ணத்தில் ஊற்றி என் பக்கம் நகர்த்தி, "நொந்தெ மிதெ" என்றார். நொந்தெ என்றால் குடித்து, மிதெ என்றால் பார். "குடித்துப் பார்" என்று என் பாட்டி சொல்வதை அப்படியே அவர் சொல்லிவிட்டார். ஒரு பொருளைச் செய்து சோதிப்பதைப் 'பார்' என்னும் வினையால் சொல்வது இரு மொழிக்கும் பொது என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, அது எழுதப்பட்ட மொழியில் அந்த வழக்கு இல்லை.

அன்றிரவு குறிப்பேட்டைத் திருப்பி வைத்து எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். அந்தத் 'தெ' வடிவம் நம் வினையெச்சமேதான், குடித்து, பார்த்து, போய், வந்து. அதோடு 'ஒகு' சேர்ந்தால் செய்து வை. 'ஷிமாவு' சேர்ந்தால் செய்துவிடு. 'இரு' சேர்ந்தால் செய்துகொண்டிரு அல்லது செய்திரு, அந்த 'இரு' உயிருள்ளவை இருப்பதைக் குறிக்கும் சொல்லும்கூட. 'மோ' என்பது நம் உம். நானும் என்பதிலும் வரும், எதுவும் இல்லை என்பதிலும் வரும். பேச்சையும் எண்ணத்தையும் முடித்துக்காட்டும் 'தொ' என்பது நம் என்று. போயாக வேண்டும் என்பதை அவர்கள் போகாவிட்டால் ஆகாது என்று சொல்கிறார்கள். நேற்று வந்த பையன் என்று பெயருக்கு முன்னால் வாக்கியத்தையே வைத்துவிடும் பெயரெச்சம், எவ்வளவு நீண்டாலும், சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. கொரெ, சொரெ, அரெ என்னும் மூன்று சுட்டுகளில் நடுவிலுள்ளது கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டும். அது நாம் மறந்துவிட்ட, யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் உது. வகுப்பில் இலங்கைத் தமிழ் நண்பர் ஒருவர் இருந்தார், அவருக்கு அந்தப் பாடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கொடுத்தல் வாங்கல் வினைகளில் எல்லா நாட்டவரும் இடறுவார்கள். ஒருவர் எனக்குத் தந்தால் ஒரு சொல், நான் பிறருக்குக் கொடுத்தால் வேறு சொல். தரு, வரு என்னும் சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு என்னும் சொற்கள் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் வீடுகளில் அந்த வேறுபாடு இன்றும் வாயில் வாழ்கிறது. அதை நினைவில் கொண்டு இந்தப் பாடத்துக்குப் போனால் பாதித் தூரம் கடந்ததாகும். வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே இந்த ஒப்பீடுகளைச் செய்து பார்க்கலாம், வாக்கிய அமைப்பு அதற்கும் அப்படியே ஒத்துவரும்.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஸுஸுமு ஓனோ என்னும் ஜப்பானிய மொழியறிஞர் அப்படி ஓர் உறவை வலியுறுத்திப் பல ஆண்டுகள் உழைத்தார்; மொழியியலாளர் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்பவருக்கு அமைப்பின் ஒற்றுமை பெரிய மூலதனம். சொற்கள் முற்றிலும் வேறு, அவற்றை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். வா, கா என்னும் இரண்டு எழுவாய் ஒட்டுகளுக்கு நேரான வேறுபாடு தமிழிலும் இல்லை. அதற்குக் காதுப் பழக்கமே மருந்து.

கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் நமக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பொதுப் பயன்பாட்டுக்கென்று 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. வகுப்பில் சீன மாணவர்கள் செய்தித்தாளைப் பார்த்தே பொருளை ஊகித்துவிடுவார்கள். பேச்சில் முன்னால் நிற்கும் நம் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கி மனம் தளர்வதை அடிக்கடி பார்க்கிறேன். புறப்படும் முன் நூறு எழுத்தாவது, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் புரிந்துகொண்டு, கையால் எழுதத் தெரிந்திருந்தால் அந்தத் தளர்ச்சி வராது. நாளைக்கு ஐந்து எழுத்து, தவறாமல்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களைப் பார்க்காமல் சில கேள்விகளை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கான்ஜி பழக்கமில்லாத நாட்டு மாணவர்களுக்குத் தனி வகுப்போ கூடுதல் பயிற்சியோ உண்டா? ஒரு நாட்டு மாணவர்களே பெரும்பான்மையாக இருக்கிறார்களா? படிப்பை முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? விசா மறுக்கப்பட்டால் எந்தெந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்? பதில் வரும் விதமே அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதியைச் சொல்லிவிடும். 2024 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மொழிப்பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சகம் அங்கீகாரம் வழங்கத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் கருதும் பள்ளி அதைப் பெற்றுவிட்டதா, இன்னும் பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். டோக்கியோவில் ஊதியம் கூடுதல், வாடகையும் கூடுதல், ஆங்கிலத்தில் சமாளித்துவிடும் வழிகளும் கூடுதல். மாநிலத் தலைநகரமாக உள்ள நடுத்தர ஊர் ஒன்றில் கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் மருத்துவரும் ஜப்பானியம் மட்டுமே பேசுவார்கள். மொழிக்குள் மூழ்க வேண்டும் என்று போகிறவருக்கு அதுதான் ஏற்ற இடம். நமக்கு ஷிசுவோகா போன்ற தேயிலை மாநிலங்கள் கூடுதலாக ஒட்டும். அங்கே ஓயிகாவா ரயில் நிறுவனத்தின் இகாவா பாதையில், நம் மலை ரயிலைப் போலவே பல்சட்டம் பிடித்து ஏறும் ஒரு பகுதி 1990 முதல் ஓடுகிறது. அதில் ஏறிய அன்று பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் எங்கள் ஊரிலும் இப்படி ஒரு ரயில் உண்டு, 2005இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது என்று சொல்ல எனக்குச் சொற்கள் இருந்ததால், ஒரு மணி நேர உரையாடல் கிடைத்தது. ஆகவே புறப்படும் முன், உங்கள் ஊரைப் பற்றி, தேயிலை பறிப்பது, பனி விழும் காலை, மலை ரயில், வீட்டுச் சமையல் என்று பத்துப் பொருள்களில் ஐந்தைந்து வாக்கியங்களை ஜப்பானியத்தில் பிழையின்றிப் பேசத் தயார் செய்துகொள்ளுங்கள். அங்கே எல்லாரும் முதலில் கேட்பது எந்த ஊர் என்பதைத்தான்.

விமான நிலையத்தில் இறங்கியவுடன் குடியிருப்பு அட்டையைத் தருவார்கள். பகுதிநேர வேலை அனுமதிக்கான படிவத்தையும் அங்கேயே கொடுத்துவிடலாம். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். அதன்பின் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் நம் பொறுப்பு. 20 வயது நிரம்பியவர்கள் தேசிய ஓய்வூதியத்திலும் சேர்க்கப்படுவார்கள், கட்டணத்தை ஒத்திவைக்கவோ விலக்குப் பெறவோ அதே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க மறக்க வேண்டாம். குளிர்காலத்தை நம் பிள்ளைகள் நன்றாகத் தாங்குவார்கள். மின்விசிறியே இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு ஆகஸ்டு மாதத்துப் புழுக்கம்தான் சோதனை, 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த மாதத்தில் படிப்பை நூலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் ஒரு தேர்வு வைத்து வகுப்பைப் பிரிப்பார்கள். மேல் வகுப்பு கிடைக்க வேண்டும் என்று ஊகித்து விடையளிக்காதீர்கள், அடித்தளம் இல்லாத உயரம் மூன்றாம் வாரத்தில் சரியும். ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே வாய் திறக்க எல்லாருக்கும் வாய்ப்பு வரும், வராவிட்டாலும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். தவறாகப் பேசினால் ஆசிரியர் திருத்துவார், பேசாமலிருந்தால் யாரும் திருத்த முடியாது.

வகுப்புக்கு வெளியே உள்ள நேரத்துக்கு என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். பகுதிநேர வேலையைப் பேச்சு உள்ள இடத்தில் தேடுங்கள். முதல் சில மாதங்களுக்குத் தொழிற்சாலையோ பாத்திரம் கழுவும் வேலையோதான் கிடைக்கும் என்றாலும், என்5க்கு அடுத்த மேல்நிலையான என்4 வந்தவுடன் கடைக்கோ உணவகத்துக்கோ மாறிவிடுங்கள், ஊதியம் சற்றுக் குறைந்தாலும். பல ஊர்களில் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை வெளிநாட்டவருக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ உரையாடல் வகுப்பு நடத்துகிறார்கள். பணி ஓய்வுபெற்ற பெரியவர்கள் பொறுமையாகப் பேசுவார்கள், நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். நகர நூலகத்தில் அட்டை எடுத்து, எல்லாக் கான்ஜிக்கும் மேலே ஹிரகனா போட்ட சிறுவர் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் இரவும் அன்று காதில் விழுந்த மூன்று வாக்கியங்களை எழுதி, எதிரே வீட்டில் நாம் பேசும் தமிழில், மேடைத் தமிழில் வேண்டாம், எழுதி வையுங்கள். அறைத்தோழர் தமிழரே ஆனாலும், மாலை ஏழு மணிவரை ஜப்பானியம் மட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை மீறிய மாதங்களில் இருவருமே பின்தங்கினோம்.

இன்னொன்று, தினமும் காலையில் விடுதியை விட்டுக் கிளம்பும்போது "இத்தெ கிமாஸ்" என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். போய் வருகிறேன் என்பதே அதன் சொல்லுக்குச் சொல் பொருள். அவர் "இத்தெராஷ்ஷாய்", போய் வாருங்கள், என்பார். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள், அவர்களையும் அப்படியே வளர்த்திருக்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதியின் பொறுப்பாளர் முதல் மூன்று மாதம் இதைத் தவிர என்னோடு வேறு பேசியதில்லை. நான்காம் மாதத்தில் ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், பிறகு ஊர் மழையைப் பற்றிக் கேட்டார், அதன்பின் ஒவ்வொரு காலையும் ஐந்து நிமிடம் பேசினோம்.

வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலென்றால் மருத்துவர் சீட்டை வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். அங்கேயே கல்லூரிக்கோ வேலைக்கோ விசா மாற்றும்போது குடிவரவு அதிகாரி முதலில் கேட்கும் தாள், மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துப் பள்ளி தரும் வருகைச் சான்றுதான். ஊர் திரும்புவதென்று முடிவெடுத்தாலும் அந்தச் சான்றையும் படிப்பு முடித்த சான்றையும் இரண்டிரண்டு பிரதி வாங்கிக்கொண்டு, நகராட்சியில் வெளியேறும் பதிவைச் செய்து, காப்பீட்டுக் கணக்கை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். நான் அந்தச் சான்றுகளை வாங்காமல் வந்துவிட்டேன்; பிறகு கோத்தகிரியிலிருந்து கடிதம் எழுதி அவற்றைப் பெறுவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.